நம்பிக்கை இல்லாதவன் பைபிளை ஏன் படிக்கிறான்? – அடிக்கடி வர்ற கேள்விகளும் என் பதிலும்

நான் ஜெபம் பண்றதில்ல, ஆனா பைபிளை விடாம படிக்கிறவன். இது ரெண்டும் எப்படி ஒத்துப்போகுதுன்னு சொந்தக்காரங்க கேக்குறாங்க, கூட்டாளிக கேக்குறாய்ங்க, டீக்கடைல பக்கத்துல உக்காந்தவங்க கூட கேட்டுட்டாங்க. தனித்தனியா பதில் சொல்லி மாளல, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன். கேள்விகளை கேட்டவங்க கேட்ட தோரணைலயே போட்டுருக்கேன், சிலது கொஞ்சம் காரமாத்தான் இருக்கும்.

மொதல்ல நீ யாரு, கிறிஸ்தவனா நாத்திகனா, தெளிவா சொல்லு

பிறந்தது பசுமலைப் பக்கம் சிஎஸ்ஐ குடும்பம். சண்டே ஸ்கூல், வசனம் ஒப்பிக்கிற போட்டி, கிறிஸ்துமஸ் நாடகத்துல மேய்ப்பன் வேஷம், எல்லாம் உண்டு. இப்ப கடவுள் நம்பிக்கை இல்ல. சண்டை போட்டு வெளிய வந்த கதையெல்லாம் கிடையாது, பைய பைய கழண்டுருச்சு, அவ்வளவுதான்.

நம்பிக்கைதான் போயிருச்சுல்ல தோழர், அப்புறம் அந்தப் புஸ்தகத்தை எதுக்கு கட்டிட்டு அழுவுறீங்க?

இது கருப்புச்சட்டை போட்ட நம்ம தோழர் கேட்டது. தோழர், நீங்க சிலப்பதிகாரம் படிச்சிருக்கீங்க. கண்ணகி முலையைத் திருகி எறிஞ்சு மதுரை எரிஞ்சதுன்னு இருக்கு. அதுக்காக வைகைக்கரைல சாம்பல் இருக்கான்னு தோண்டிப் பாத்துட்டா படிக்க ஆரம்பிச்சீங்க? இல்லைல. அரசன் தப்பு பண்ணா என்ன ஆகும்னு ஒரு பெரிய கற்பனையா அதைப் படிச்சீங்க, மேடைல பேசவும் செய்றீங்க. அதே சலுகையை இதுக்கும் குடுங்கன்னு சொல்றேன், கூடவும் வேண்டாம் குறைச்சலும் வேண்டாம்.

இன்னொன்னு, இந்தப் புஸ்தகம் நம்ம மொழிக்குள்ள வந்து ரொம்ப காலமாச்சு. தரங்கம்பாடில ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை 1715-லயே தமிழ்ல அச்சடிச்சுட்டாரு. வீரமாமுனிவர் இயேசுவோட வளர்ப்பு அப்பா சூசையப்பரை தலைவனா வச்சு தேம்பாவணின்னு ஒரு முழு காப்பியமே பாடுனாரு. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி எழுதுனாரு. நம்ம அரசரடி இறையியல் கல்லூரில பறட்டைன்னு எல்லாரும் கூப்பிடுற தியாப்பிலஸ் அப்பாவு, பறையும் நாட்டுப்புற மெட்டும் கொண்டுவந்து அதே கதைகளை சேரி மக்கள் பக்கம் நின்னு பாடவச்சாரு. இவ்வளவு நடந்ததுக்கப்புறம் அது வெள்ளைக்காரன் புஸ்தகம் நமக்கு எதுக்குன்னு சொல்றது சோம்பேறித்தனம்.

"இலக்கியமா படிக்கிறேன்"னா என்ன அர்த்தம்? கதை மாதிரி படிச்சுட்டு போறதா?

கதை மாதிரி படிக்கிறதுதான், ஆனா கவனமா. உதாரணத்துக்கு தாவீது பத்சேபாள் கதை, ரெண்டாம் சாமுவேல் 11-ஆம் அதிகாரம். பிரசங்கத்துல இதைக் கேட்டா "இச்சை கூடாது பிரியமானவர்களே"ன்னு முடிஞ்சுரும். நீங்க மொத வரிய பாருங்க. ராஜாக்கள் யுத்தத்துக்குப் போற காலம்னு ஆரம்பிச்சு, எல்லாரையும் அனுப்பிட்டு தாவீது மட்டும் எருசலேம்ல இருந்துட்டான்னு முடியுது. ராஜாக்க போற காலத்துல ராஜா வீட்ல இருக்கான். திட்டவே இல்ல, ஆனா குத்தியாச்சு. அப்புறம் சாயங்காலம் மாடில உலாத்துறான், குளிக்கிற பொண்ணைப் பாக்குறான், ஆளனுப்பி கூட்டிட்டு வர்றான். அந்த அதிகாரம் முழுக்க அந்தப் பொண்ணு பேசுறது ஒரே ஒரு சேதிதான், நான் கர்ப்பமா இருக்கேன்னு. அதுவும் சொல்லியனுப்புனது.

அவ புருஷன் உரியா இஸ்ரவேலனே இல்ல, ஏத்தியன், வெளியாளு. அவனை போர்க்களத்துலருந்து வரவழைச்சு வீட்டுக்குப் போய் பொண்டாட்டியோட இருன்னு தாவீது சொல்றான், புள்ளைய அவன் கணக்குல எழுதிரலாம்னு பிளான். அவன் போகல, என் கூட்டாளிக கூடாரத்துல கிடக்கும்போது நான் மட்டும் வீட்டுக்குப் போறதான்னு அரண்மனை வாசல்லயே படுத்துக்குறான். மறுநாள் தண்ணிய ஊத்திவிட்டும் பாக்குறான், அப்பவும் போகல. குடிச்சிருந்த வெளியாளு, தெளிவா இருந்த ராஜாவை விட யோக்கியனா நிக்கிறான். கடைசில அவனைக் கொல்லச் சொல்லி தளபதி யோவாபுக்கு ஒரு கடுதாசி எழுதி அதை அவன் கையிலயே குடுத்து விடுறான், அவன் தன் சாவை தானே சுமந்துட்டு போறான். இந்த இடத்துல கதைசொல்லி ஒரு வார்த்தை வருத்தப்படல, ஐயோ பாவம்னு சொல்லல. அதிகாரத்தோட கடைசி வரி வரைக்கும் கடவுள் பேரு கூட தீர்ப்பு சொல்ல வரல, கடைசி வரில மட்டும் தாவீது செஞ்சது கர்த்தர் பார்வைக்கு பொல்லாததா இருந்துச்சுன்னு ஒண்ணு. அவ்வளவு நேரம் அடக்கி வச்சுருந்து அந்த ஒரு வரிய வைக்கிறதுக்கு எம்புட்டு கை தேர்ந்திருக்கணும்!

இதை எழுதுனவன் யாருன்னு தெரியாது, ஆனா அவன் எழுத்தாளன். இதுதான் இலக்கியமா படிக்கிறது. என்ன சொல்றான்னு மட்டும் இல்ல, எதைச் சொல்லாம விடுறான்னும் பாக்குறது.

இதுல ஒரு கொசுறு. இதே காலத்து வரலாறை நாளாகமம்னு இன்னொரு புஸ்தகம் திரும்பச் சொல்லுது. ஒன்று நாளாகமம் 20-ல அதே வரி வருது, ராஜாக்கள் யுத்தத்துக்குப் போற காலம், தாவீது எருசலேம்ல இருந்தான்னு. அடுத்து நேரா போர்ல ஜெயிச்சதுக்கு போயிருது. பத்சேபாள் இல்ல, உரியா இல்ல, கடுதாசி இல்ல. அந்தக் காலத்துலயே தலைவருக்கு இமேஜ் பாத்து எடிட் பண்ண ஆளு இருந்திருக்கான்! ரெண்டையும் ஒரே அட்டைக்குள்ள வச்சுருக்காங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கும்.

பைபிள் ஒரே புஸ்தகம்தானே, ஒருத்தர்தானே எழுதிருப்பாரு?

ஒரே புஸ்தகம் இல்ல, அலமாரி. புராட்டஸ்டண்ட்காரங்க கணக்குல 66 புஸ்தகம், கத்தோலிக்கர் கணக்குல 73. பல நூறு வருஷத்துல பல பேரு எழுதி, பல பேரு ஒட்டி வெட்டி சேத்தது. சட்டம் இருக்கு, காதல் பாட்டு இருக்கு, பழமொழித் தொகுப்பு இருக்கு, கடுதாசி இருக்கு, புலம்பல் இருக்கு. எட்டுத்தொகையை ஒரே ஆளு எழுதுனாருன்னு சொன்னா நம்ம தமிழ் வாத்தியார் என்ன சொல்லுவாரு? அதேதான்.

ஒட்டுன தடம் மொதப் பக்கத்துலயே தெரியும். ஆதியாகமம் ஒண்ணாம் அதிகாரத்துல செடி, மிருகமெல்லாம் மொதல்ல, மனுஷன் கடைசில, ஆணும் பெண்ணும் சேந்தே வர்றாங்க. ரெண்டாம் அதிகாரத்துல மனுஷன் மொதல்ல, அப்புறம் மரம், அப்புறம் மிருகம், கடைசிலதான் பொண்ணு. ஒண்ணாவதுல வர்ற கடவுள் சொன்னதும் நடக்குது. ரெண்டாவதுல வர்றவர் மண்ணைப் பிசைஞ்சு செய்றாரு, அதோட தொடர்ச்சியா மூணாம் அதிகாரத்துல சாயங்காலம் குளுந்த நேரத்துல தோட்டத்துல நடக்குறாரு, ஆதாமே எங்கடா இருக்கன்னு தேடுறாரு. ரெண்டு வேற வேற கை. நோவா வெள்ளத்துல இன்னும் மோசம், ரெண்டு கதையைப் பின்னலாப் பின்னிருக்காங்க, அதனால ஒரு எடத்துல எல்லாத்துலயும் ஒரு ஜோடி, இன்னொரு எடத்துல சுத்தமான மிருகம்னா ஏழேழு. ஒரு எடத்துல 40 நாள், இன்னொரு எடத்துல 150 நாள்.

அந்த வெள்ளக்கதையே மெசொப்பொத்தேமியால ஏற்கனவே இருந்ததுதான். 1872-ல லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல ஜார்ஜ் ஸ்மித்னு ஒருத்தர், காலேஜ் படிப்பெல்லாம் இல்லாதவர், பணநோட்டு அச்சுக்கு செதுக்குற தொழில் பழகுனவர், நினிவேலருந்து வந்த களிமண் பலகைகளைப் படிச்சுட்டு இருக்கும்போது அதுல கப்பல், வெள்ளம், மலைல தட்டி நிக்கிறது, பறவையை வெளிய அனுப்பிப் பாக்குறது எல்லாம் இருக்கிறதைக் கண்டுபிடிச்சாரு. கில்காமேஷ் காவியத்தோட 11-ஆவது பலகை அது. அதுல வெள்ளம் வடிஞ்சு பலி குடுத்ததும் தெய்வங்கள் ஈ மாதிரி மொய்க்கிறாங்க. ஆதியாகமத்துல கர்த்தர் சுகந்த வாசனையை முகர்ந்தாருன்னு வருது. பழைய கதையை எடுத்து கூட்டமா இருந்த தெய்வங்களை ஒத்தைக் கடவுளா ஆக்கிருக்காங்க, ஆனா வாசனை மட்டும் ஒட்டிக்கிட்டு நின்னுருச்சு.

ஆக மொத்தம் முரண்பாட்டைக் கண்டுபிடிச்சு சிரிக்கிறதுதான் உன் வேலையா?

சின்ன வயசுல அப்படி கொஞ்ச நாள் இருந்துச்சு, லிஸ்ட் போட்டு வச்சுட்டு போதகரை மடக்குறது. அது சீக்கிரம் அலுத்துப்போகும். முரண்பாடு இருக்குங்கறது பெரிய விஷயமே இல்ல, ஏன் இருக்குங்கறதுதான் விஷயம்.

கோலியாத்தைக் கொன்னது யாரு? தாவீதுன்னு எல்.கே.ஜி புள்ளை சொல்லும். ஆனா ரெண்டாம் சாமுவேல் 21:19-ஐ எபிரெய மூலத்துல பாத்தா எல்க்கானான்னு பெத்லகேம்காரன் ஒருத்தன் கோலியாத்தைக் கொன்னான்னு இருக்கு. நாளாகமம் எழுதுனவருக்கு இது சங்கடமாயிருச்சு போல, அவன் கொன்னது கோலியாத்தோட தம்பியைன்னு மாத்திட்டாரு. கோலியாத்தோட உயரமும் கூடிருக்கு. சாக்கடல் சுருள்ல, அதான் 1947-லருந்து கும்ரான் குகைல கிடைச்ச பழைய சுவடில, நாலு முழமும் ஒரு ஜாணும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்புலயும் அதேதான். நம்ம கைல இருக்கிற பைபிள்ல ஆறு முழமும் ஒரு ஜாணும். எங்கயோ யாரோ சின்ன ஆளு ஒருத்தன் செஞ்ச வீரம் பைய நகந்து ராஜா பேருல ஏறிருக்கும், எதிரியும் வருஷா வருஷம் வளந்துருப்பான்னு நான் நெனைக்கிறேன். நம்மூர்ல இது நடக்காததா?

இன்னொன்னும் சொல்லிர்றேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. தாவீது ஜனங்களைக் கணக்கெடுக்கிறான், அது பாவமாகி கொள்ளைநோய் வருது. அவனைத் தூண்டிவிட்டது யாரு? சாமுவேல்ல, கோபமா இருந்த கர்த்தர். நாளாகமத்துல, சாத்தான். ரெண்டு புஸ்தகத்துக்கும் நடுவுல உள்ள காலத்துல, நல்லதும் கெட்டதும் ஒரே கைலருந்து வருதுன்னு சொல்ல ஆளுகளுக்கு மனசு வராம போயிருக்கு. ஒரு சமுதாயத்தோட மனசாட்சி நெளியிறதை எழுத்துலயே பாக்கலாம். இதைத் தப்புன்னு சொல்லி அடிச்சுட்டா நஷ்டம் படிக்கிறவனுக்குத்தான், தப்பே இல்லன்னு மழுப்புனாலும் அதே நஷ்டந்தான்.

இதெல்லாம் உண்மைல நடந்துச்சா இல்லையா?

சிலது நடந்துருக்கு, சிலது நடக்கல, நிறையா எடத்துல சொல்ல முடியாது. யோசுவா தலைமைல எக்காளம் ஊதி எரிகோ மதில் விழுந்த கதைக்கு ஆதாரம் தேடி பலபேரு தோண்டுனாங்க. 1952-லருந்து 1958 வரைக்கும் காத்லீன் கென்யன் தோண்டுனப்போ, அந்தக் கோட்டை யோசுவா காலம்னு சொல்றதுக்கு ரொம்ப முன்னாடியே, கிட்டத்தட்ட கி.மு. 1550 வாக்குல அழிஞ்சிருச்சுன்னு முடிவுக்கு வந்தாங்க. லட்சக்கணக்கான ஜனம் எகிப்தை விட்டு சீனாய் பாலைவனத்துல 40 வருஷம் அலைஞ்சதுக்கும் மண்ணுல தடயம் கிடைக்கல. ஆனா இஸ்ரவேல்னு ஒரு கூட்டம் கானான்ல இருந்துச்சுன்னு எகிப்து ராஜா மெர்னெப்தா கல்வெட்டுல கி.மு. 1208 வாக்குலயே பேரு வருது. தாவீதின் வீடுன்னு சொல்ற கல்வெட்டு 1993-ல டெல் டான்ல கிடைச்சுச்சு. ஆக எல்லாமே கட்டுக்கதைன்னு சொல்றவங்களும் எல்லாமே சரித்திரம்னு சொல்றவங்களும் ரெண்டு பேருமே தோண்டுன ஆளுக பேச்சைக் கேக்கறதில்ல.

கீழடி பக்கத்துல இருக்கிற நமக்கு இது புரியணும். அங்க பானை ஓட்டுல பேரு கிடைச்சுச்சு, அதுக்காக சங்கப்பாட்டுல வர்ற ஒவ்வொரு சம்பவமும் நிரூபணம் ஆயிருச்சுன்னு அர்த்தமில்ல, பாட்டு பொய்யின்னும் அர்த்தமில்ல.

நாலு சுவிசேஷமும் ஒரே கதைதானே?

கிறிஸ்துமஸ் குடில் வைக்கிறீங்கள்ல, அதுல ஒரு பக்கம் மேய்ப்பருங்க, இன்னொரு பக்கம் சாஸ்திரிக மூணு பேரு, நடுவுல தொட்டில், மாடு. இந்த சீன் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்னு இயேசு கதை சொல்ற நாலு சுவிசேஷத்துல எதுலயும் இல்ல. மேய்ப்பர் லூக்காவுல மட்டும். சாஸ்திரிக மத்தேயுல மட்டும், அதுவும் மூணு பேருன்னு சொல்லல, அவங்க வந்தது வீட்டுக்கு. மாடு ரெண்டுலயும் இல்ல. மத்தேயு படி ராஜா ஏரோது இருக்கும்போது பிறந்தாரு, ஏரோது செத்தது கி.மு. 4. லூக்கா ரோம ஆளுநர் சிரேனியு எடுத்த குடிமதிப்பைச் சொல்றாரு, அது கி.பி. 6. மாற்கும் யோவானும் பிறப்பைப் பத்தியே பேசல. ரெண்டு கதையையும் கலந்து ஒரே குடில்ல வைக்கிறது அழகாத்தான் இருக்கு, நானே எங்க வீட்டுக் குடிலுக்கு களிமண்ணுல மாடு செஞ்சு குடுத்துருக்கேன், ஆனா படிக்கும்போது பிரிச்சுப் படிங்க.

சிலுவைக்கு வாங்க. மாற்குல இயேசு கடைசியா சொல்றது என் தேவனே என் தேவனே ஏன் என்னைக் கைவிட்டீர், அது 22-ஆம் சங்கீதத்தோட மொத வரி, அப்புறம் ஒரு பெரிய சத்தம் போட்டு செத்துர்றாரு. லூக்காவுல அந்தக் கேள்வியே இல்ல, பிதாவே உம்ம கைல என் ஆவியை ஒப்புவிக்கிறேன். யோவான்ல, முடிந்தது. நாலையும் சேத்து ஏழு வார்த்தைகள்னு புனித வெள்ளிக்கு மூணு மணிநேரம் பிரசங்கம் பண்றோம், அப்படி சேத்தா மாற்கு கட்டுன அந்தத் தனிமை காணாமப் போயிருது. அவர் காட்டுற ஆளு கைவிடப்பட்டு சாகுறவர். அவரை அப்படியே சாக விடுங்க.

மாற்கு முடியிற விதமும் அப்படித்தான். ரொம்பப் பழைய முழுப் பிரதிகள், நாலாம் நூற்றாண்டு வாத்திகான் சுவடியும் சீனாய் சுவடியும், 16:8-லயே நின்னுருது. கல்லறைக்குப் போன பொண்ணுக நடுங்கி ஓடுறாங்க, பயந்து யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. முடிஞ்சுச்சு. மிச்சம் வர்ற வசனம் பின்னாடி சேத்தது, அந்த முடிவை தாங்க முடியாதவங்க யாரோ. எனக்கு அந்தப் பழைய முடிவுதான் பெருசாத் தெரியுது.

தீர்க்கதரிசனம் அப்படியே நிறைவேறிருக்கே, அதுக்கு என்ன சொல்ற?

கழுதை மேட்டர் ஒண்ணு போதும். எபிரெயக் கவிதைல ஒரே விஷயத்தை ரெண்டு தடவை மாத்திச் சொல்றதுதான் இலக்கணம். சகரியா 9:9-ல ராஜா கழுதை மேல, கழுதைக்குட்டி மேல வர்றாருன்னு இருக்கு, ஒரே கழுதைதான். மாற்குல சரியா ஒரு குட்டி. மத்தேயு 21-ல ரெண்டையும் கொண்டுவந்து ரெண்டு மேலயும் துணியைப் போட்டு அவரை உக்கார வைக்கிறாங்க. பழைய வரியை வச்சு சம்பவத்தை எழுதுனா இப்படித்தான் ஒரு கழுதை கூடும்.

பழைய ஏற்பாட்டுல அம்புட்டு கொலை இருக்கே, இலக்கியம்னு சொன்னா அதெல்லாம் சரியாகிருமா?

ஆகாது. இலக்கியம்ங்கற பேரு மன்னிப்புச் சீட்டு இல்ல. ஒண்ணாம் சாமுவேல் 15-ல அமலேக்கியரை ஒழிக்கச் சொல்ற உத்தரவுல ஒரு பட்டியல் வருது, ஆம்பளை, பொம்பளை, பிள்ளைக, பால்குடிக்கிற குழந்தைக, மாடு, ஆடு, ஒட்டகம், கழுதை. ஒண்ணையும் விடாதே. இஸ்ரவேல் ராஜா சவுல் அவங்க ராஜாவையும் நல்ல ஆடுமாடுகளையும் விட்டு வச்சதுக்காகத்தான் அவன் பதவியே போகுது, குழந்தையைக் கொன்னதுக்காக இல்ல.

இப்ப நம்ம கண்ணகியை பாருங்க. அவ கோவத்துக்கு நியாயம் இருக்கு, ஊரையே எரிக்கப் போறா, அப்பவும் அக்கினிகிட்ட ஒரு பட்டியல் குடுக்குறா, பார்ப்பார் அறவோர் பசு பத்தினிப் பெண்டிர் மூத்தோர் குழவி, இவங்களை விட்டுரு, தீயவங்க பக்கமே போ. (பார்ப்பார் ஏன் மொதல்ல வர்றாங்கன்னு கேக்குறது நியாயமான கேள்வி, கேளுங்க.) ஒரு பட்டியல் யாரைக் கொல்லணும்னு, ஒரு பட்டியல் யாரை விடணும்னு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா எந்த எடத்துல நமக்கு வயிறு பிசையுதோ அதை மறைக்கக்கூடாது. பக்தியோட படிக்கிறவங்க இங்க ஏதாவது சமாதானம் சொல்லியாகணும், அது அந்தக் காலம், அவங்க ரொம்ப கெட்டவங்க, அப்படி இப்படின்னு. எனக்கு அந்தக் கட்டாயம் இல்ல, இது கொடூரம்னு சொல்லிட்டு அடுத்த பக்கம் போலாம்.

137-ஆம் சங்கீதமும் இப்படித்தான், பாபிலோன் ஆத்தங்கரைல உக்காந்து அழுதோம்னு ஆரம்பிக்கும், ஊரை விட்டுப் போன யாருக்கும் தொண்டை அடைக்கும், கடைசி வரில எதிரியோட குழந்தையை கல்லுல மோதுறவன் பாக்கியவான்னு முடியும். சர்ச்சுல பெரும்பாலும் அதுக்கு முன்னாடியே நிறுத்திருவாங்க. நிறுத்தாதீங்க, அந்தக் கடைசி வரி இல்லாம அகதியோட கோவம் எப்படி இருக்கும்னு தெரியாது.

ஆனா எல்லாக் கொடூரமும் ஒரே வகை இல்ல. நியாயாதிபதிகள் 11-ல யெப்தான்னு ஒரு தளபதி, ஜெயிச்சு வந்தா வீட்டு வாசல்லருந்து மொதல்ல எதிர வர்றதைப் பலி குடுக்குறேன்னு நேந்துக்கறான், ஒத்தப் பொண்ணு மேளத்தோட ஆடிக்கிட்டு வர்றா. ஆபிரகாம் பலி குடுக்கப் போன மகன் ஈசாக்கைக் காப்பாத்த ஆட்டுக்கடா வந்துச்சே, இவளுக்கு ஒண்ணும் வரல. அவளுக்கு கதைல பேரு கூட இல்ல. ரெண்டு மாசம் தோழிகளோட மலைல அழுதுட்டு வர்றேன்னு மட்டும் கேக்குறா. அதுக்கப்புறம் வருஷா வருஷம் நாலு நாள் பொண்ணுக போய் அவளுக்காக அழுவாங்கன்னு முடியுது. நம்ம பக்கம் அநியாயமா செத்த பொண்ணுக்கு வீட்டுச்சாமியா சேலை வச்சுக் கும்புடுவாங்கள்ல, அது தெரிஞ்சவங்களுக்கு இந்த நாலு நாள் என்னன்னு யாரும் விளக்க வேண்டாம். ஆம்பளைக நேத்திக்கடன் பேசுற புஸ்தகத்துல பொம்பளைக துக்கம் ஒரு வரியா நுழைஞ்சு உக்காந்துருக்கு.

யோபு புஸ்தகம் படிச்சா நம்பிக்கை வரும்னு எங்க பாஸ்டர் சொன்னாரு, நீ என்ன சொல்ற?

பாஸ்டர் முன்னுரையும் முடிவுரையும் மட்டும் படிச்சிருப்பாரு. மொத்தம் 42 அதிகாரம். மொத ரெண்டுல கடவுளும் சாத்தானும் பந்தயம் கட்டுற மாதிரி பேசிக்கறாங்க, அந்த நல்ல மனுஷனோட பத்துப் புள்ளைகளும் சாகுது, உடம்பெல்லாம் புண்ணு. கடைசில எல்லாம் ரெட்டிப்பா கிடைக்குது, புதுசா பத்துப் புள்ளைக. பழைய பத்துக்கு யாரும் பதில் சொல்லல. நடுவுல இருக்கிறதுதான் புஸ்தகமே. ஆறுதல் சொல்ல வந்த கூட்டாளிக நீ ஏதோ தப்பு பண்ணிருப்பப்பா, இல்லாட்டி இப்படி வருமான்றாங்க. நம்மூர் துக்க வீட்லயும் எல்லாம் கர்மான்னு ஒருத்தராவது சொல்லுவாரு, அதே ஆளுதான். யோபு விடமாட்டேங்கறான், நான் தப்பு பண்ணல, கடவுளைக் கூப்பிடு, கேஸ் நடத்தலாம்னு நிக்கிறான்.

கடைசில கடவுள் பெருங்காத்துலருந்து வந்து பேசுறாரு. நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்னு ஆரம்பிச்சு நட்சத்திரம், ஆலங்கட்டி, காட்டுக்கழுதை, தீக்கோழின்னு உலக இலக்கியத்துலயே தூக்கி வைக்கிற மாதிரி ஒரு கவிதை. ஆனா கேட்ட கேள்விக்கு அதுல பதிலே இல்ல. பந்தயத்தைப் பத்தியும் மூச்சு விடல. நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமேன்னு நம்ம நக்கீரர் நின்ன கதை எல்லாருக்கும் தெரியும், கண்ணோட சூடு தாங்காம பொற்றாமரைக் குளத்துல விழுந்து அப்புறம் பணிஞ்சுதான் கரையேறுனாரு. யோபும் தூள்லயும் சாம்பல்லயும் பணிஞ்சுர்றான். ஆனா ஒரு வித்தியாசம், 42:7-ல கடவுள் அந்தக் கூட்டாளிகளைப் பாத்து, என் தாசன் யோபு பேசுனது போல நீங்க என்னைப் பத்தி சரியா பேசலன்னு கோவப்படுறாரு. அதாவது கடவுளுக்காக வக்காலத்து வாங்குனவங்க தப்பு, கடவுள்கிட்ட சண்டை போட்டவன் சரி. இதை வேதத்துக்குள்ள வச்சவங்களுக்கு நான் தலை வணங்குறேன், கடவுளுக்கு இல்ல.

பைபிள்ல காதல் பாட்டு இருக்காமே?

உன்னதப்பாட்டு. சபைக்கும் கிறிஸ்துவுக்கும் உள்ள உறவுன்னு சொல்லுவாங்க, நீங்க குறுந்தொகை படிச்ச கண்ணோட படிங்க. தலைவி ராத்திரில தெருத்தெருவா அவனைத் தேடிப் போறா, காவக்காரங்க அடிச்சு அவ போர்வையைப் பிடுங்குறாங்க, எருசலேம் பொண்ணுககிட்ட நான் நேசத்தால நொந்து கிடக்கேன்னு சொல்லுங்கடின்னு தோழிககிட்ட சொல்ற மாதிரியே சொல்றா. எட்டே அதிகாரம்.

பரிசுத்த ஆவியானவர் உதவி இல்லாம இதெல்லாம் விளங்காது தம்பி

இது எங்க பெரியப்பா. பெரியப்பா, நீங்க சொல்ற விதத்துல எனக்கு விளங்காமலே இருக்கலாம், அதை நான் மறுக்கல. ஆனா 1606-ல இத்தாலிப் பாதிரியார் நோபிலி சாமியார் மதுரைக்கு வந்து காவி கட்டிக்கிட்டு தமிழும் சமஸ்கிருதமும் படிச்சு நம்மாளுக நூல்களை வாசிச்சாரே, அவரு அந்த சாமிகளை நம்பிட்டா வாசிச்சாரு? வெளியருந்து படிக்கிறவனுக்கு சிலது தெரியாது, சிலது அவனுக்கு மட்டும்தான் தெரியும். நீங்க ஜெபம் பண்ணிட்டுப் படிங்க, நான் பென்சிலோட படிக்கிறேன், அப்சலோம் செத்த சேதி கேட்டு தாவீது மாடி அறைக்கு ஏறிப்போய்க்கிட்டே என் மகனாகிய அப்சலோமே என் மகனேன்னு அழுகுற எடத்துல ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

எந்தத் தமிழ்ப் பைபிள் வாங்கலாம்ணே?

காதுக்கு வேணும்னா பழைய பரிசுத்த வேதாகமம், ஹென்றி பவர்ங்கறவர் பேருல உள்ள 1871 மொழிபெயர்ப்பு வழியா வந்தது, அந்தக் கர்த்தருடைய நடை வேற எதுலயும் கிடைக்காது. விளங்கணும்னா 1995-ல வந்த திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு, அதுல கத்தோலிக்கர் வச்சிருக்கிற கூடுதல் புஸ்தகங்களும் இருக்கும். முடிஞ்சா ரெண்டும்.

எங்கருந்து ஆரம்பிக்கிறது? நான் ஆதியாகமத்துலருந்து ஆரம்பிச்சு யாத்திராகமம் கூடார அளவுல படுத்துட்டேன்

எல்லாரும் அங்கதான் படுக்குறாங்க. யோனால ஆரம்பிங்க, நாலு அதிகாரம், ஒரு டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுரும். யோனாவை முழுங்குன மீனை விடுங்க, கடைசி அதிகாரம்தான் சமாச்சாரம். எதிரி ஊரு நினிவே மனந்திரும்பிருச்சு (ஆடுமாடு கூட ரெட்டு, அதாவது கோணி, உடுத்தி உபவாசம் இருக்குது, சிரிக்கலாம், சிரிக்கத்தான் எழுதிருக்கான்னு நெனைக்கிறேன்), அதுக்காக தீர்க்கதரிசி கோவிச்சுட்டு வெயில்ல உக்காந்துருக்கான். நிழலுக்கு ஒரு ஆமணக்குச் செடி முளைக்குது, மறுநாள் பூச்சி அரிச்சு காயுது, அதுக்கு அழுகுறான். ஒரு செடிக்கு இம்புட்டு வருத்தப்படுற, வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத லட்சத்து இருபதாயிரம் பேரும் அம்புட்டு மாடும் இருக்கிற ஊருக்கு நான் வருத்தப்படக்கூடாதான்னு கடவுள் கேக்குறாரு. புஸ்தகம் அந்தக் கேள்விலயே முடிஞ்சுருது, யோனா பதில் சொல்லல.

அடுத்து மாற்கு, ஒரே மூச்சுல. அப்புறம் ரெண்டு சாமுவேலும், நாவல் மாதிரி. பிரசங்கி எப்ப வேணா, மனசு சலிச்ச நாள்ல. செத்த சிங்கத்தைவிட உயிருள்ள நாய் மேல்னு அதுல ஒரு வரி உண்டு, அதை எழுதுனவன் என்னை மாதிரி சந்தேகப் பேர்வழிதான். வெளிப்படுத்தல் கடைசிக்கு, அவசரமே இல்ல.

குரானையும் கீதையையும் இப்படிப் படிக்கத் தைரியம் இருக்கா?

திருவிளையாடலை இப்படித்தான் படிக்கிறேன். மத்ததுக்கு எனக்கு மொழியும் படிப்பும் பத்தாது, யாராவது தெரிஞ்சவங்க எழுதட்டும், படிக்கிறேன்.

சர்ச்சுக்குப் போவியா? வீட்ல தெரியுமா?

கிறிஸ்துமஸ், கல்யாணம், சாவு, போவேன். கீர்த்தனை தெரிஞ்சதைப் பாடுவேன். அம்மாவுக்குத் தெரியும், எனக்காக ஜெபம் பண்றாங்க, நடுவுல எந்த வசனம் எங்க இருக்குன்னு மறந்துட்டா என்கிட்டத்தான் போன் பண்ணிக் கேப்பாங்க.

பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளைச் சொல்லலாமா?

சொல்லலாம். ஆனா நோவா பேழையை பொம்மை வாங்கிக் குடுத்து சொல்றோம்ல, அதுல பேழைக்கு வெளிய இருந்தவங்க எல்லாரும் முங்கி செத்தாங்கங்கறதை எந்தப் புள்ளையாவது கேட்டுச்சுன்னா, அப்படிக் கேக்கக்கூடாதுன்னு மட்டும் சொல்லிராதீங்க.

லேவியராகமம் படிச்சே ஆகணுமா?

மொதத் தடவை தாண்டிருங்க. குஷ்டம், பூஞ்சை, எந்த மிருகத்துக்கு குளம்பு பிளந்துருக்குன்னு போகும். 19-ஆம் அதிகாரம் மட்டும் படிங்க. வெள்ளாமை அறுக்கும்போது வயல் ஓரத்தை முழுசா அறுக்காத, சிந்துன கதிரைப் பொறுக்காத, ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுருன்னு ஒரு சட்டம் இருக்கு. அதைப் படிச்ச கையோட ரூத் புஸ்தகம் ரெண்டாம் அதிகாரத்துக்குப் போங்க, மோவாப்லருந்து வந்த விதவை, உபாகமம் 23 படி சபைக்குள்ளயே சேக்கக்கூடாத ஜாதி ஜனம், போவாஸ் வயல் ஓரத்துல கதிர் பொறுக்கிட்டு இருப்பா. அவதான் தாவீதுக்கு பூட்டி.